திருந்திவிட்டாரா என்று பின் சீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டம். நான் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். சந்தா எண்ணி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "வீட்டுக்காரரை ஸ்டேஷன்ல கூப்பிட்டு கவுன்சிலிங் குடுத்தாங்க. இனிமே கை நீட்டமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு." அப்புறம் என்ன, இனிப் பயமில்லைதானே என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அந்த அக்கா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "எழுதிக் குடுத்த பேப்பர் அங்க இருக்குது. நான் இங்கல்ல இருக்கேன்."

கவுன்சிலிங் என்ற இந்த ஒரு சொல்லை நாம் ரொம்ப அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். மனைவியை அடிக்கும் ஆண்களைத் திருத்த உலகத்தில் பல இடங்களில் தனியாகப் பயிற்சித் திட்டங்கள் நடக்கின்றன. அவை வேலை செய்கின்றனவா என்று அந்த ஆண்களோடு வாழ்ந்த பெண்களிடம் கேட்டும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் சொன்னது நம் ஊர்க் குழுக்களில் காதில் விழுவதற்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் தெரிந்தவரை எளிமையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்

நம் ஊரில் "அவருக்கு கவுன்சிலிங் ஆச்சு" என்றால் அது என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, நீங்களும் கை வைக்காதீங்க" என்று சொல்லி எழுதி வாங்குவதாக இருக்கலாம். அது சமாதானம் பேசுவது. ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் செய்வதைத்தான் ஸ்டேஷனில் மேசை போட்டுச் செய்கிறார்கள். இல்லையென்றால் குடியை நிறுத்தும் மையத்தில் ஒரு மாதம் வைத்திருந்து அனுப்பியிருப்பார்கள், அது வைத்தியம். யாராவது மூச்சுப் பயிற்சி, தியானம், கோபத்தை அடக்கும் வகுப்பு என்று அழைத்துப் போயிருந்தாலும் இதே பெயர்தான்.

இவை எதுவும் தப்பு இல்லை, சிலதால் நல்லதும் நடக்கும். ஆனால் நான் பேச வந்தது வேறு. வீட்டுக்குள் வன்முறை செய்யும் ஆணை, தான் செய்வதைத் தானே பார்க்க வைத்து, அதற்குப் பொறுப்பேற்க வைத்து, வேறு விதமாக வாழப் பழக்கும் நீண்ட கால வகுப்பு. இதை இந்தக் கட்டுரையில் 'திருத்தப் பயிற்சி' என்று சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வாராவாரம் கூடுவார்கள். மனைவி அந்த அறையில் இருக்கமாட்டார். ஒரு நாளில் முடிகிற விஷயமும் இல்லை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நீதிமன்றம் அனுப்பும் ஆண் 52 வாரம் போயாக வேண்டும்.

சமாதானம் பேசும்போது இரண்டு பேரிடமும் தப்பு இருக்கிறது என்ற இடத்திலிருந்து பேச்சு தொடங்கும். திருத்தப் பயிற்சியில் கை நீட்டியவர் ஒருவர், கணக்குச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும்.

கோபம் வந்தால் மேஸ்திரியை ஏன் அடிப்பதில்லை?

"அவருக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது." இதை எத்தனை வீட்டில் கேட்டிருப்போம். கொஞ்சம் நின்று யோசியுங்கள். இங்கிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஆளை மேஸ்திரி நாலு பேர் முன்னால் வாயில் வந்தபடி திட்டுகிறார், கூலியில் நூறு ரூபாய் பிடிக்கிறார். கோபம் வராதா? வரும். கை ஓங்குவாரா? மாட்டார், ஓங்கினால் நாளைக்கு வேலை இல்லை என்று தெரியும். தக்காளி விலை சரிந்த அன்று மண்டிக்காரர் மேல் வருகிற கோபமும் மண்டியில் வெடிப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, கதவைச் சாத்திய பிறகுதான் கண் மண் தெரியாமல் போகிறது. அதுவும் பல பேருக்கு அடி விழும் இடம் புடவை மறைக்கும் இடமாகவே இருக்கிறது. கண் தெரியாதவருக்கு அந்த இடம் மட்டும் எப்படித் தெரிந்தது?

குடியும் அப்படித்தான். குடி அடியை மோசமாக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, குடித்த ராத்திரியில் உயிருக்கே ஆபத்தாகப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் டாஸ்மாக்கிலிருந்து வீடு வரைக்கும் வழியில் பார்த்த இருபது பேரில் ஒருவரைக்கூட அடிக்காமல் வந்தவர், வீட்டுக்குள் வந்து ஒரே ஒருவரை அடிக்கிறார். குடித்துவிட்டு அடிக்காதவர்கள் இருக்கிறார்கள், ஒரு சொட்டுக் குடிக்காமல் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். குடியை விட்டபின் அடியும் நிற்கும் என்று காத்திருந்து ஏமாந்த பெண்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை.

அப்போ கோபமும் குடியும் அடிக்கு நேரம் குறிக்கின்றன, அவ்வளவுதான். வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

சக்கரமும் களியும்

அந்த வேரைத் தெளிவாகக் காட்டியது பெண்கள்தான். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்றொரு ஊர். 1980களின் தொடக்கத்தில் அங்கே எலன் பென்ஸ், மைக்கேல் பேமார் உள்ளிட்டவர்கள் ஒரு திருத்தப் பயிற்சியை உருவாக்கினார்கள். ஆண்களுக்கு என்ன சொல்லித் தருவது என்று முடிவுசெய்ய, அடி வாங்கிய பெண்களின் குழுக்களில் போய், உங்கள் வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்டார்கள். அந்தப் பதில்களிலிருந்து 1984இல் வந்ததுதான் 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற சக்கரப் படம்.

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம்: இவள் என் சொல்படி நடக்க வேண்டும் என்ற எண்ணம். அதிலிருந்து எட்டு ஆரக்கால்கள் கிளம்புகின்றன. மிரட்டுவது, பார்வையாலேயே பயமுறுத்துவது, அவமானப்படுத்துவது, அம்மா வீட்டிலிருந்தும் தோழிகளிடமிருந்தும் பிரிப்பது, "அப்படி என்ன அடிச்சுட்டேன், நீ பேசினதாலதானே" என்று பழியைத் திருப்புவது, பிள்ளைகளைப் பகடைக்காய் ஆக்குவது, காசைப் பிடித்துவைப்பது, நான் ஆம்பளை என்று எல்லா முடிவையும் தானே எடுப்பது. வெளியே சுற்றி இரும்புப் பட்டை: உடல் மேலும் உடலுறவிலும் செய்யும் வன்முறை. ஆரக்கால்களைச் சேர்த்து இறுக்கிப் பிடிப்பது அந்தப் பட்டைதான். ஒரு முறை அடித்துவிட்டால் போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு வெறும் பார்வையே வேலை செய்யும், ஏனென்றால் அந்தப் பார்வைக்குப் பின்னால் என்ன வரும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

இப்படி அடியும் மற்றவையும் சேர்ந்து ஒருத்தியின் அன்றாடத்தையே பிடியில் வைத்திருப்பதற்கு 'அடக்கியாளும் வன்முறை' என்று பெயர்.

படம் புரிந்தாலும் வீட்டுக்குள் இது எப்படி இருக்கும் என்பது எனக்குப் புரிந்தது காரிமங்கலம் பக்கத்து அக்கா ஒருவரிடம்தான். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி ஸ்டேண்டை உதைக்கும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன் என்பார். அவர் வீட்டில் ராகிக் களி ஆறரைக்குள் உருண்டை பிடித்துத் தட்டில் இருந்தாக வேண்டும். ஏனென்றால் களி கிளறும்போது பாதியில் துடுப்பை விட்டால் கட்டி தட்டிவிடும், விடாமல் கிளறினால் "கூப்பிட்டது காதுல விழல?" என்று வரும். அதனால் வீட்டுக்காரர் வருகிற நேரத்தில் அடுப்பில் எதுவும் இருக்கக் கூடாது. டிவி சத்தம் குறைந்திருக்கும், பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கும். இதை அந்த அக்கா எனக்குச் சொன்னபோது, வீட்டுக்காரர் அடிப்பதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. களி அப்போதும் ஆறரைக்குத்தான்.

சுருக்கமாக: அடி கண்ணுக்குத் தெரியும் பட்டை. சக்கரத்தை ஓட்டுவது நடுவில் இருக்கும் எண்ணம். பட்டையை மட்டும் கழற்றினால் வண்டி கொஞ்ச தூரம் அப்படியே ஓடும்.

வகுப்புக்குள் என்ன நடக்கும்?

நல்ல திருத்தப் பயிற்சியில் ஆண் முதலில் ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். "சண்டை வந்துச்சு, அடி விழுந்துடுச்சு" என்று சொல்ல விடமாட்டார்கள். யார் கை, எங்கே விழுந்தது, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நீ என்ன நினைத்தாய், அதனால் உனக்கு என்ன கிடைத்தது, அந்த நேரத்தில் பிள்ளை எங்கே நின்றது என்று கேட்டுக்கொண்டே போவார்கள். "விழுந்துடுச்சு" என்பது "அடிச்சேன்" ஆகும்வரை நடக்கும் வேலை அது, சிலருக்கு அதற்கே மாதங்கள் ஆகும். அப்புறம்தான் மாற்று வழிகள். கை ஓங்குகிற நிலை வருகிறது என்று தெரிந்ததும் சொல்லிவிட்டு வெளியே போய், குறிப்பிட்ட நேரத்தில் திரும்பி வந்து பேசுவது அதில் ஒன்று. இதை 'இடைவேளை' என்பார்கள். பின்னால் இதைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான பகுதி வகுப்புக்கு வெளியே நடக்கிறது. இங்கிலாந்தில் தரமான திட்டங்களில் அந்த ஆணின் மனைவிக்கோ முன்னாள் மனைவிக்கோ தனியாக ஓர் 'ஆதரவுப் பணியாளர்' இருப்பார். அவர் வேலை அந்தப் பெண்ணோடு பேசுவது, அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று பார்ப்பது, ஆண் வகுப்பை விட்டு ஓடிவிட்டால் அவளுக்குத் தெரியப்படுத்துவது. அவள் சொல்வது அந்த ஆணின் காதுக்குப் போகாது.

எட்டு போட்டால் போதுமா?

சரி, இது வேலை செய்கிறதா? இங்கேதான் குழப்பம் அதிகம்.

எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்குவது வேறு, தொப்பூர் கணவாயில் வண்டி இறக்குவது வேறு. லைசென்ஸ் இருக்கிறதா என்று ஆர்டிஓ ஆபீசில் கேட்கலாம். ஆனால் இவர் எப்படி ஓட்டுகிறார் என்பதைப் பின் சீட்டில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம்தான் கேட்க வேண்டும். திருத்தப் பயிற்சிக்கும் அதே கதைதான். வகுப்பை முடித்தார் என்பது சான்றிதழ். மறுபடி போலீஸ் கேஸ் ஆகவில்லை என்பதும் ஒருவிதச் சான்றிதழ்தான், அடி வாங்கும் பெண்களில் ஸ்டேஷன் வரை போவது எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா என்ன.

கணக்குகள் இரண்டு விதமாக வந்திருக்கின்றன. 2004இல் அமெரிக்காவில் ஜூலியா பாப்காக் குழுவினர் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கைதும் தண்டனையும் மட்டும் பெற்ற ஆணோடு ஒப்பிட்டால், அவற்றோடு பயிற்சிக்கும் போன ஆண் மறுபடி அடிக்கும் வாய்ப்பு 5 சதவீதம்தான் குறைவு. ரொம்பச் சின்ன வித்தியாசம். 2015இல் இங்கிலாந்தில் லிஸ் கெல்லி, நிக்கோல் வெஸ்ட்மார்லண்ட் இருவரும் வெளியிட்ட மிராபல் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அறைவது, தள்ளுவது, பொருளை வீசுவது நடந்ததாகப் பயிற்சிக்கு முன் 87 சதவீதப் பெண்கள் சொன்னார்கள், 12 மாதம் கழித்து 7 சதவீதம். இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த பதில் இல்லை. முதலாவது, பயிற்சிக்குப் போன ஆண்களைப் போகாத ஆண்களோடு ஒப்பிட்டது. இரண்டாவது, பேசச் சம்மதித்த பெண்களின் வாழ்க்கையில் முன்னும் பின்னும் என்ன மாறியது என்று கேட்டது. அதனால் 5ஐ மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாம் வீண் என்பதும், 87இலிருந்து 7 என்று சொல்லிக் கைதட்டுவதும் இரண்டுமே அவசரம்.

என்னைப் பொறுத்தவரை மிராபல் ஆய்வில் பெரிய விஷயம் அந்த எண் இல்லை. வெற்றி என்றால் என்ன என்று அவர்கள் முதலில் பெண்களிடமும் கேட்டார்கள். அடி நிற்பது அந்தப் பட்டியலில் ஒன்று. அதோடு மரியாதையான பேச்சு, பிள்ளை வளர்ப்பில் பங்கு, பிள்ளைகளின் நிம்மதி, தான் செய்தது என்னவென்று அவனுக்குப் புரிவது, இவற்றோடு 'செயல்வெளி' என்ற ஒன்றும் இருந்தது. அவன் என்ன சொல்வானோ என்று மனக்கணக்குப் போடாமல் ஒருத்தி தன் நாளை நடத்த முடிகிற இடம் என்று பொருள். அந்த ஆய்விலும் அடி குறைந்த அளவுக்கு அடக்கியாளும் நடத்தை குறையவில்லை. காரிமங்கலத்து அக்காவைக் கேட்டால் செயல்வெளி என்றெல்லாம் சொல்லமாட்டார். ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும்போதே, நிதானமாகக் களி கிளறவேண்டும் என்பார்.

மீண்டு வந்த பெண்கள் என்ன சொல்கிறார்கள்?

முதலில் ஒன்று. பல பெண்களுக்கு அவர் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்பதோ, தாலியைக் கழற்றவேண்டும் என்பதோ முதல் ஆசை இல்லை. அடி நிற்கவேண்டும், அவ்வளவுதான். அதனால் 'பயிற்சிக்குப் போகிறார்' என்ற செய்தி அவர்களுக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கையே ஆபத்தாகவும் ஆகிறது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் கோண்டால்ஃப் 1980களிலேயே காட்டியது இது: காப்பகத்தில் இருக்கும் பெண் வீட்டுக்குத் திரும்புவாளா என்பதை மிக அதிகமாக முடிவுசெய்தது, கணவன் கவுன்சிலிங்கில் சேர்ந்தானா என்பதுதான். முடித்தானா என்பது கூட இல்லை, சேர்ந்தானா. பாதியில் விட்டுப் போகிறவர்கள் இந்த வகுப்புகளில் ஏராளம். அவள் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்த மூன்றாம் வாரம் அவன் வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருப்பான்.

அடுத்தது, வகுப்பில் கற்ற சொல்லையே அவள் மேல் திருப்புவது. இடைவேளை என்று சொன்னேனே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் பேச்செடுத்தால் "எனக்கு இடைவேளை வேணும், வகுப்புல சொல்லியிருக்காங்க" என்று எழுந்து போய் நடுராத்திரி வருவது. "அங்க வர்றவனுங்களைப் பார்த்தா நான் எவ்வளவோ மேல்" என்று சொல்லிக் காட்டுவது. "நான் மாறிட்டேன், நீ இன்னும் பழசையே பேசுற, இப்போ கொடுமைப்படுத்துறது நீதான்" என்பது. கை நீட்டவில்லை, ஆனால் பிடி அப்படியே இருக்கிறது, இப்போது அதற்குப் படித்த வார்த்தைகளும் கிடைத்துவிட்டன.

ஆனால் மாறியதாகச் சொன்ன பெண்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. உண்மையாகவே தன் தப்பை உணர்ந்து, பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட ஆண்கள் இருக்கிறார்கள். வேறு சில பெண்கள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: "அவ்வளவு வாரம் போயும் அவர் மாறல. அப்பதான் இது என் தப்பு இல்ல, இனி இவர் மாறமாட்டாருன்னு தெளிவாச்சு, வெளியே வந்துட்டேன்" என்ற வகைப் பேச்சு. ஏட்டுக் கணக்கில் அது பயிற்சியின் தோல்வி. அவள் கணக்கில் பல வருடக் குழப்பத்துக்குக் கிடைத்த பதில்.

இதையெல்லாம் தாண்டி அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, தனக்கென்று இருந்த அந்த ஆதரவுப் பணியாளரைப் பற்றித்தான். அவன் மாறினானோ இல்லையோ, என்னை ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டார், நான் சொன்னதை நம்பினார் என்கிறார்கள்.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதே சமயம், பெண்கள் கூடிப் பேச ஓர் இடம் அமைந்ததில் நம் பகுதிதான் முன்னோடி. தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல், கிருஷ்ணகிரி பிரிவதற்கு முன்பிருந்த பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கடன் வாங்க வந்த இடத்தில்தான் பல பேர் முதன்முதலில் வாய் திறந்து வீட்டுக்கதை சொன்னார்கள்.

சட்டத்தில் இருப்பது இது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அடி மட்டுமல்ல, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துவது, காசைப் பிடித்துவைப்பது எல்லாமே இதில் வன்முறை. 14ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் இருவரில் ஒருவரையோ, இருவரையுமோ கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம். ஒரு நாள் சமாதானப் பேச்சில் சொல்லப்படாத ஒரு விஷயம் அந்தச் சட்டத்தின் விதிகளில் இருக்கிறது: கவுன்சிலிங்கில் கணவன் தான் அடித்ததற்கு நியாயம் சொல்லக் கூடாது, இதை ஆரம்பிக்கும் முன்பே அவரிடம் தெரிவித்துவிட வேண்டும். அதனால் "நீ என்னம்மா பேசின, அவர் ஏன் அடிச்சார்" என்று அந்தக் கவுன்சிலிங்கில் யாராவது தொடங்கினால், விதி அப்படி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். தனியாகப் பேச வேண்டும் என்றும் கேளுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்?

வெறும் எழுதிக் கொடுத்த பேப்பருக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேவைப்பட்டால் வீட்டை விட்டு அவரை வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மனு கொடுக்க மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வக்கீல் வைக்கக் காசு இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். போனில் பேச 181, அந்த நிமிடமே ஆபத்து என்றால் 112.

முதலில் சொன்ன பாலக்கோட்டு அக்காவோடு பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க நானும் போயிருந்தேன். சம்பவ அறிக்கையில் உடல் வன்முறைக்குத் தனி இடம், சொல்லுக்கும் மனத்துக்கும் தனி இடம், பணத்துக்குத் தனி இடம் என்று இருந்தது. அடித்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது, போனை யார் திறந்து பார்ப்பது, அம்மா வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனார் என்று கேட்கத் தொடங்கியதும், இதையெல்லாம்கூடச் சொல்லலாமா மேடம் என்று ஒரு முறை கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டே இருந்தார்.